நரம்புத் தளர்ச்சி என்று 35,000 ரூபாய் கேட்கிறார்கள், கட்டலாமா?

6 ஜனவரி 2024, இரவு 11.20 (கேள்வி)

வயது 31. கல்யாணமாகி எட்டு மாதம். முதல் ஒரு மாதம் குறை ஒன்றும் தெரியவில்லை. அதற்கப்புறம் மனைவியை நெருங்கும் நேரத்தில் விறைப்பு வருவதில்லை, வந்தாலும் பாதியில் தளர்ந்துவிடுகிறது. ஊர் ஊராக லாட்ஜில் தங்கிப் பார்க்கும் பரம்பரை வைத்தியர் ஒருவரிடம் போனேன். நாடி பிடித்துவிட்டு, கல்லூரிக் காலத்துக் கைப்பழக்கத்தால் நரம்பு தளர்ந்துவிட்டது, மூன்று மாத மருந்து, 35,000 ரூபாய் என்றார். 5,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். அவர் சொல்வது சரிதான் என்றே எனக்கும் படுகிறது. மீதியைக் கட்டலாமா?

7 ஜனவரி, காலை 6.05

கட்டாதீர்கள் தம்பி. கொடுத்த ஐயாயிரத்தோடு போகட்டும்.

எனக்கு இப்போது 54 வயது. 2017-ல் இதே மாதிரி ஒரு லாட்ஜ் அறையில் இதே வசனத்தைக் கேட்டு 18,000 ரூபாய் கட்டினேன். பணம் போனது பெரிதில்லை. அந்த லேகியத்தை நம்பி பதினொரு மாதம் வேறு யாரிடமும் போகாமல் இருந்தேன். அந்தப் பதினொரு மாதமும் என் ரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டே இருந்தது. எனக்கு அது தெரியாது.

கைப்பழக்கத்தால் நரம்பு தளராது. எத்தனையோ துளி ரத்தம் சேர்ந்துதான் ஒரு துளி விந்து ஆகிறது என்று நம் தாத்தா காலத்திலிருந்து சொல்லி வருகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. இந்தப் பயத்தால் உடம்பு மெலிந்து, தூக்கம் கெட்டு வரும் இளைஞர்களை மனநல மருத்துவர்கள் நிறையப் பார்க்கிறார்கள். 1960-ல் மனநல மருத்துவப் பேராசிரியர் விக் இதற்கு 'தாத் சிண்ட்ரோம்' என்றே பெயர் வைத்தார். அதில் நோய் பயம்தான், விந்து இல்லை.

ஒரே ஒரு கேள்வி. காலையில் எழும்போது விறைப்பு இருக்கிறதா? இருந்தால் உடம்பில் ஒரு குறையும் இல்லை, எல்லாம் மனசுதான்.

7 ஜனவரி, இரவு 9.40

கடையைச் சாத்திவிட்டு வந்து எழுதுகிறேன். மோட்டார் ரீவைண்டிங் செய்வது என் தொழில். 28 வருடமாகக் கரூர் பக்கம் போர்வெல் மோட்டாரும் கிணற்று மோட்டாரும்தான் என் உலகம். இந்த விஷயம் எனக்குப் பிடிபட்டதும் அந்த வழியில்தான், அதனால் அப்படியே சொல்கிறேன்.

ஆண்குறிக்குள் இரண்டு நீளமான பஞ்சு போன்ற குழல்கள் இருக்கின்றன. சாதாரண நேரத்தில் அவற்றின் தசை இறுகியே இருக்கும், ரத்தம் கொஞ்சமாகத்தான் உள்ளே போகும். ஆசை வரும்போது நரம்பு நுனியிலிருந்தும் ரத்தக்குழாயின் உள்சுவரிலிருந்தும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு சுரக்கிறது. அது தசையைத் தளர்த்துகிறது. ரத்தம் பாய்ந்து பஞ்சு உப்புகிறது. உப்பிய பஞ்சு சுற்றியிருக்கும் கெட்டியான உறையோடு அழுந்தும்போது, வெளியேற வேண்டிய சிரைகள் நசுங்கி மூடிக்கொள்கின்றன. உள்ளே போனது திரும்பி வராது. கிணற்றுக் குழாயின் அடியில், ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் பிடிக்கும் ஃபுட் வால்வு வேலை செய்வது போலத்தான். வால்வு பிடிக்காவிட்டால் மோட்டார் எவ்வளவு ஓடினாலும் குழாயில் தண்ணீர் நிற்காதே, அப்படி.

இன்னொரு முறை படித்துப் பாருங்கள். தசை தளர்ந்தால்தான் விறைப்பு வரும். தளர்ச்சிதான் நோய் என்று சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள், ஆனால் உடம்பு அந்த நேரத்தில் கேட்பதே தளர்ச்சியைத்தான். பயம், பதற்றம், கோபம் எது வந்தாலும் அட்ரினலின் ஏறும். அது அந்தத் தசையை இறுக்கிவிடும். இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு மனசிலிருந்து பெரிய பாரம் இறங்கியது.

8 ஜனவரி, மதியம் 2.15

தம்பி பதில் போட்டிருக்கிறார். காலையில் வருகிறதாம், தனியாக இருக்கும்போதும் வருகிறதாம், மனைவி பக்கத்தில்தான் இல்லையாம். மாமியார் வீட்டில் வாரம் ஒருமுறை "விசேஷம் எதுவும் இல்லையா" என்று கேட்கிறார்களாம்.

அந்தக் கேள்வியே போதும், யாருக்கும் இறுகிவிடும். ஒருமுறை தவறிவிட்டால் அடுத்த முறை 'இன்றைக்கு நடக்குமா' என்று தன்னைத்தானே உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம். பார்க்கப் பார்க்க வராது. டாக்டர்கள் இதற்கு ஒரு வழி சொல்கிறார்கள்: இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு, சில வாரத்துக்கு உறவே வேண்டாம், தொடுவது, பேசிக்கொண்டு படுத்திருப்பது மட்டும் என்று இருக்க வேண்டும். தேர்வு எழுத வேண்டியதில்லை என்று தெரிந்ததும் உடம்பு தானாக இளகும். இதற்கு மனைவியிடம் வாய் திறக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

8 ஜனவரி, இரவு 10.30

முதல் குறிப்பில் அவசரப்பட்டு எழுதிவிட்டேன், திருத்துகிறேன். தூக்கத்தில், கனவு வரும் கட்டங்களில், ஆரோக்கியமான ஆணுக்கு ஒரு இரவில் மூன்று முதல் ஐந்து முறை விறைப்பு வரும். காலையில் நாம் பார்ப்பது அதில் கடைசி. அது இருந்தால் குழாயும் நரம்பும் ஓரளவு நன்றாக இருக்கின்றன என்று பொருள். "ஒரு குறையும் இல்லை" என்று நான் எழுதியது அதிகப்படி. ஆரம்பநிலை சர்க்கரையிலோ ரத்த அழுத்தத்திலோ காலை விறைப்பு கொஞ்ச காலம் இருந்துகொண்டே இருக்கலாம். எனக்கே இருந்தது. அதனால் எதற்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்: சர்க்கரை, அதன் மூன்று மாத சராசரி (ஹெச்.பி.ஏ.1.சி.), கொழுப்பு, அப்புறம் பி.பி. டாக்டர் சொன்னால் டெஸ்டோஸ்டிரோன். அந்தக் கடைசிப் பரிசோதனைக்கு மட்டும் காலையில் போக வேண்டும், சாயங்காலம் அளவு இறங்கிவிடும். முதல் முறை குறைவாக வந்தால் இன்னொரு நாள் மறுபடி பார்ப்பார்கள், ஒரே முடிவை வைத்து ஊசி போட மாட்டார்கள்.

10 ஜனவரி, இரவு 11.10

லாட்ஜ் அறையில் என்ன நடந்தது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, இரண்டாவது மாடி. வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லார் கையிலும் ஒரு பேப்பர், படிக்கிற மாதிரி. எனக்கு எதிரே இருந்தவர் என்னிடம் மோட்டார் கட்டிப் போனவர், நன்றாகத் தெரிந்தவர். அவரும் என்னைப் பார்க்காத மாதிரி பேப்பரைத் திருப்பினார்.

உள்ளே போனால் மெத்தையில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் பத்துப் பதினைந்து டப்பா. வைத்தியர் என் மணிக்கட்டை ஒரு நிமிடம் பிடித்தார். வயது கேட்டார். "இளமையில் செய்த தவறு" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒருவர் என் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன். இப்போது யோசித்தால் புரிகிறது, அந்த வராந்தாவில் இருந்த எல்லாரிடமும் அதைச் சொன்னால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். சிறுநீர் அதிகம் போகிறதா, தாகம் இருக்கிறதா, பீடி சிகரெட் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் இரவில் நான்கு தடவை எழுந்துகொண்டிருந்த காலம் அது.

லேகியம் சாப்பிட்ட முதல் வாரம் உண்மையாகவே பலன் தெரிந்தது. தலையும் லேசாக வலித்தது, மூக்கு அடைத்தது. அப்புறம் கொடுத்த டப்பாக்களில் ஒன்றும் இல்லை. மூலிகை என்று விற்பவற்றில் விறைப்புக்கு டாக்டர்கள் எழுதும் சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரையைப் பொடித்துக் கலப்பது உலகம் முழுக்கப் பிடிபட்டிருக்கிறது. என் டப்பாவில் என்ன இருந்தது என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை, அதனால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் தலைவலி, மூக்கடைப்பு இரண்டும் அந்த மாத்திரையின் பக்கவிளைவுகள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டபோது வயிற்றைக் கலக்கியது. ஏன் என்று என் அண்ணனைப் பற்றி எழுதும்போது சொல்கிறேன்.

11 ஜனவரி, இரவு 8.50

ஒரு சித்த மருத்துவர் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பி.எஸ்.எம்.எஸ். என்பது பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருடப் படிப்பு. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது. அப்படிப் படித்துப் பதிவு செய்தவர் சர்க்கரையைச் சோதிக்காமல் மருந்து கொடுக்க மாட்டார். நான் திட்டியது லாட்ஜ்காரரை. இரண்டையும் ஒன்றாகப் பேசியது போல் தோன்றியிருந்தால் மன்னிக்க வேண்டும்.

ஆண்மைக்குறைவைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே நம் நாட்டில் குற்றம். 1954-லேயே அதற்கென்று மாயாஜால மருந்து விளம்பரத் தடைச் சட்டம் வந்துவிட்டது. எழுபது வருடம் ஆகியும் ரயில் ஜன்னலோரத்தில் அந்த எழுத்துகள் அழியாமல் இருக்கின்றன.

'ஆண்மைக்குறைவு' என்ற சொல்லையே நான் விட்டுவிட்டேன். பித்தப்பை கல்லுக்கு யாரும் குணக்குறைவு என்று பெயர் வைப்பதில்லை. விறைப்புக் குறைபாடு என்று சொன்னால் போதும். மலட்டுத்தன்மையும் வேறு, இதுவும் வேறு. விறைப்பு சரியில்லாதவருக்கு உயிரணு நன்றாக இருக்கலாம், விறைப்பு நன்றாக இருப்பவருக்கு உயிரணு இல்லாமல் போகலாம்.

13 ஜனவரி, இரவு 10.05

சர்க்கரை கண்டுபிடித்த கதை. 2018 மாசியில் காலில் ஒரு புண், மூன்று வாரமாக ஆறவில்லை. மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள். சர்க்கரை டாக்டர், வயதில் என்னைவிடச் சின்னவர். இரும்புக் கவை ஒன்றைத் தன் உள்ளங்கையில் தட்டி அதிரவிட்டு, என் கால் பெருவிரல் எலும்பில் வைத்தார். "அதிர்வு தெரிகிறதா?" தெரியவில்லை. அதையே என் நெற்றியில் வைத்தார், 'ங்ங்' என்று மண்டை முழுக்கக் கேட்டது. மறுபடி காலில். ஒன்றுமில்லை. மோட்டார் ஓடுகிறதா என்று கையை வைத்தே சொல்லிவிடுகிற ஆள் நான். என் காலில் வைத்த அதிர்வு எனக்கே தெரியவில்லை.

மூன்று மாத சராசரி 9.4 வந்தது. ஆரோக்கியமானவருக்கு 5.7-க்குக் கீழே இருக்க வேண்டும். டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "வீட்டில் உறவெல்லாம் எப்படி இருக்கிறது சார்?" என்று கேட்டார். சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்ட அதே குரல். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். "ஒன்றரை வருடமாக இல்லை" என்று அவள்தான் சொன்னாள். அந்த அறையில்தான் முதன்முதலாக அது வார்த்தையாக வெளியே வந்தது.

அவர் சொன்னது இது. சர்க்கரை கூடும்போது இரண்டு பக்கமும் அடி விழுகிறது, சேதி கொண்டுபோகும் நரம்பும் கெடுகிறது, அந்த வாயுவைச் சுரக்கும் குழாய்ச் சுவரும் கெடுகிறது. சர்க்கரை உள்ள ஆண்களுக்கு மற்றவர்களைவிடப் பத்து வருடம் முன்னதாகவே இந்தக் குறை வரலாம். நம் நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று 2023-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு சொன்னது. அதில் ஆண்கள் எத்தனை கோடி, அவர்களில் எத்தனை பேர் இந்த வராந்தாக்களில் பேப்பர் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யோசிக்கிறேன்.

14 ஜனவரி, காலை 7.00

பொங்கல் வேலை, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம். இரண்டு நாள் கழித்து வருகிறேன். அதற்குள் ஒன்று: எனக்கு முதலில் கொடுத்த பி.பி. மாத்திரையை மாற்றியதும் கொஞ்சம் தெளிவு வந்தது. அட்டெனலால் மாதிரி சில பழைய பி.பி. மாத்திரைகளும், சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரைகளும், மன அழுத்த மாத்திரைகள் சிலவும் விறைப்பைக் குறைக்கும். உடனே போய் நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொன்னால் வேறு எழுதிக் கொடுப்பார். நானாக நிறுத்தி நான்காம் நாள் 180-க்குப் போய்ப் படுத்திருக்கிறேன்.

17 ஜனவரி, இரவு 10.45

மாத்திரை பற்றித்தான் எல்லாரும் கேட்கிறீர்கள்.

சர்க்கரையின் மூன்று மாத சராசரி 7-க்கு இறங்கி, ஈ.சி.ஜி. எடுத்து, ட்ரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் டாக்டர் எழுதினார். சில்டெனாஃபில் 50 மி.கி., ஒரு மணி நேரம் முன்னால். இரண்டு மாடி மூச்சு வாங்காமல் ஏறுகிற இதயம் இருந்தால் உறவுக்கும் தாங்கும் என்றார்.

மருந்துக்கடையில் சீட்டை நான்காக மடித்துக் கொடுத்தேன். கடைக்காரப் பையன் அதை விரித்துப் பார்த்து, "அண்ணே, நாலு மாத்திரையா, பத்தா?" என்று சத்தமாகக் கேட்டான். பக்கத்தில் ஒரு பாட்டி தைலம் வாங்கிக்கொண்டிருந்தார். பையன் பேரப்பிள்ளை மருந்து எடுத்துத் தருகிற மாதிரி சாதாரணமாக எடுத்துத் தந்தான். காய்ச்சல் மாத்திரைக்குப் போடும் அதே பழுப்புக் கவர். அந்தப் பையனின் சாதாரணம் எனக்குப் பெரிய உதவி.

முதல் நாள் வேலை செய்யவில்லை. அன்று அக்கா மகன் சீர், மட்டன் பிரியாணி ஒரு பிடி பிடித்திருந்தேன். கொழுப்பான சாப்பாட்டுக்கு மேல் போட்டால் சில்டெனாஃபில் ஏறத் தாமதமாகும். இரண்டாவது நாள் கால் வயிறு சாப்பிட்டுப் போட்டேன், ஆனால் மாத்திரை போட்டுவிட்டு டி.வி. பார்த்துக்கொண்டு 'வருகிறதா' என்று காத்திருந்தேன். அது அப்படி வராது. ஆசையும் தொடுதலும் இருந்தால்தான் அந்த வாயு சுரக்கும். அந்த வாயுவால் உண்டாகி தசையைத் தளர்த்தும் வேதிப்பொருளை உடம்பில் ஒரு நொதி சீக்கிரம் அழித்துவிடும். அந்த நொதியைத் தடுப்பது மட்டும்தான் மாத்திரையின் வேலை. தண்ணீரே வராத தொட்டியில் ஓட்டையை அடைத்து என்ன பயன்? ஆறேழு முறையாவது சரியாகப் போட்டுப் பார்க்காமல் பலிக்கவில்லை என்று முடிவு கட்டக்கூடாது என்றார் டாக்டர். எனக்கு நான்காவது முறை பலித்தது.

இப்போது அதே வகையைச் சேர்ந்த டாடலாஃபில், தினம் 5 மி.கி. அது சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாது. தேவைப்படும்போது மட்டும் போடுகிற 10, 20 மி.கி. மாத்திரை ஒன்றரை நாள் வரை பலன் தரும். எனக்கு முதல் மாதம் முதுகு வலித்தது, அப்புறம் இல்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இறங்காமல் நின்றால் வெட்கப்படாமல் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும், தாமதித்தால் திசு செத்துவிடும்.

18 ஜனவரி, இரவு 11.30

அண்ணன். என்னைவிட நான்கு வயது பெரியவர். 2019-ல் 53 வயதில் மாரடைப்பு, பைபாஸ். பிழைத்துக்கொண்டார்.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மாத்திரைப் பெட்டியில் டாடலாஃபில் அட்டையைப் பார்த்துவிட்டு, மெதுவாக, "ஏண்டா, இது எனக்கும் ஆகுமா?" என்று கேட்டார். "எப்போதிருந்து அண்ணா?" என்றேன். "நெஞ்சு வலிக்கு முன்னாலேயே மூணு வருசம்டா" என்றார்.

மூன்று வருடம். ஆண்குறிக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். இதயத்துக்குப் போவது மூன்று நான்கு மில்லிமீட்டர். உள்சுவரில் கொழுப்பு படிய ஆரம்பித்தால் சின்னக் குழாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். இதயத்தில் தெரிவதற்கு இரண்டு முதல் ஐந்து வருடம் முன்னாலேயே இங்கே தெரிந்துவிடலாம். அரை இஞ்சு குழாயும் ஒன்றே கால் இஞ்சு குழாயும் ஒரே உப்புத் தண்ணீரில் இருந்தால் எது முதலில் அடைக்கும் என்று எனக்குத் தெரியாதா? அண்ணன் உடம்பு மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கேட்க ஒருவரும் இல்லை, கூடப் பிறந்த நான் உட்பட.

அவருக்கு மாத்திரை கொடுக்கவில்லை. அவர் சட்டைப்பையில் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எப்போதும் இருக்கும். தினமும் ஐசோசார்பைடும் சாப்பிடுகிறார். அவை நைட்ரேட் வகை. இவற்றோடு சில்டெனாஃபிலோ டாடலாஃபிலோ சேர்ந்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கி உயிரே போகலாம். நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் இந்த மாத்திரையைப் போட்டிருந்தால் முதல் வார்த்தையாக அதைச் சொல்ல வேண்டும். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரமும், டாடலாஃபில் போட்டு 48 மணி நேரமும் நைட்ரேட் கொடுக்க மாட்டார்கள். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்களும் டாக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது.

லாட்ஜ் லேகியம் வயிற்றைக் கலக்கியது என்றேனே, இதனால்தான். அந்த வராந்தாவில் அண்ணன் மாதிரி ஒருவர் இருந்திருந்தால்?

20 ஜனவரி, மாலை 6.20

முந்தாநாள் எழுதியது கனமாகிவிட்டது. சில்டெனாஃபில் கதை ஒன்று. இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் சாண்ட்விச் என்ற ஊர், அங்கே இருந்த ஃபைசர் ஆய்வகத்தில் நெஞ்சு வலிக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். நெஞ்சு வலிக்கு அது பெரிதாக உதவவில்லை, சோதனைக்கு வந்தவர்களுக்கு வேறு இடத்தில் பலன் தெரிந்தது. 1998 மார்ச்சில் வயாகரா என்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே வருடம் அக்டோபரில், ரத்தக்குழாயைத் தளர்த்துவது நைட்ரிக் ஆக்சைடுதான் என்று காட்டிய ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் நோபல் பரிசு. பரிசை ஏற்படுத்திய ஆல்ஃபிரட் நோபல் வெடிமருந்தில் சம்பாதித்தது நைட்ரோகிளிசரினை வைத்து. கடைசிக் காலத்தில் அவருடைய நெஞ்சு வலிக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுத்ததும் அதே நைட்ரோகிளிசரின். அண்ணன் சட்டைப்பையில் இருப்பது அதன் பங்காளி.

1983-ல் லாஸ் வேகாஸில் சிறுநீர்ப்பாதை மருத்துவர்கள் (யூராலஜிஸ்ட்) மாநாட்டில் ஜைல்ஸ் பிரிண்ட்லி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி பேச வந்தார். ஊசி மருந்தாலேயே விறைப்பு வரும் என்று எளிதில் நம்ப மாட்டார்கள். அவர் ஓட்டல் அறையிலேயே தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டு வந்து, மேடையில் கால்சட்டையை இறக்கிக் காட்டிவிட்டார். என் மனைவிக்கு இதைப் படித்துக் காட்டியபோது அவ்வளவு நேரம் சிரித்தாள். "முன் வரிசையில் இருந்தவங்க பாவமுங்க" என்றாள். சிரித்தாலும், அந்த மாதிரி மனிதர்களின் தைரியத்தால்தான் இன்றைக்கு மாத்திரை பலிக்காதவர்களுக்கு ஊசி வழி இருக்கிறது.

24 ஜனவரி, இரவு 9.15

மாத்திரை பலிக்காவிட்டால் என்று ஒருவர் கேட்டார். ஊசி இருக்கிறது. காற்றை உறிஞ்சி ரத்தத்தை இழுக்கும் குழாய்க் கருவி இருக்கிறது. கடைசியாக, உப்பவைக்கும் குழலை உள்ளே பொருத்தும் அறுவை சிகிச்சை, 1973-லிருந்தே செய்கிறார்கள். எனக்கு இவற்றில் அனுபவம் இல்லை, யூராலஜிஸ்டிடம் கேளுங்கள்.

எனக்கு அனுபவம் இருப்பது நடையில். வாரம் நான்கு நாள், நாற்பது நிமிடம், வேர்க்கிற வேகத்தில் ஆறு மாதம் நடந்தால் விறைப்பு மேம்படுகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். நான் அமராவதி பாலம் வரை போய் வருவேன். 86 கிலோ இருந்தவன் 77-க்கு வந்தேன். சிகரெட்டை விட்டது அதைவிடக் கஷ்டம், மூன்று முறை தோற்று நான்காவது முறை விட்டேன். சிகரெட் அந்தக் குழாய்ச் சுவரையே கெடுக்கிறது, மாத்திரை ஒரு கையால் செய்வதை இன்னொரு கையால் அழிக்கிற வேலை.

இடுப்புத் தளத் தசைப் பயிற்சியும் உண்டு. சிறுநீரைப் பாதியில் நிறுத்தும்போது எந்தத் தசையை இழுப்போமோ அந்தத் தசையைத் தனியாக இழுத்துப் பிடித்து விடுவது. கடையில் காயில் சுற்றும்போது உட்கார்ந்தபடியே செய்வேன், யாருக்கும் தெரியாது. மூன்று மாதத்துக்கு முன்னால் பலன் தேடாதீர்கள்.

4 பிப்ரவரி, இரவு 11.00

இதுவரை எழுதியதை மனைவி படித்தாள். ஒன்று சொன்னாள்: "எல்லாம் உங்களுக்கு நடந்த மாதிரியே எழுதியிருக்கீங்க."

ஒன்றரை வருடம் நான் ஒன்பது மணிக்கே தூங்கிவிட்ட மாதிரி திரும்பிப் படுத்தேன். கடையில் வேலை என்று பதினொரு மணிக்கு வந்தேன். அவளைத் தொடுவதையே நிறுத்தினேன், தொட்டால் அடுத்தது எதிர்பார்ப்பாளோ என்று பயம். கையைப் பிடிப்பதுகூட நின்றது. அவள் என்ன நினைத்தாள் தெரியுமா? எனக்கு வேறு தொடர்பு இருக்கிறது என்று. என் போனை எடுத்துப் பார்த்திருக்கிறாள். அதில் மோட்டார் படமும் பில்லும்தான் இருந்தது. அப்படியானால் தன்னிடம்தான் குறை, தனக்கு வயதாகிவிட்டது என்று முடிவு செய்து அழுதிருக்கிறாள். சர்க்கரை டாக்டர் விளக்கிச் சொன்ன அன்று அவள் முகத்தில் தெரிந்தது நிம்மதி என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

அவளுக்கும் மாதவிலக்கு நிற்கும் காலம் அது. வறட்சி, வலி. அதை அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. என் மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்த பிறகுதான் அவளுக்கு வலிக்கிறது என்பதே தெரிந்தது. மகளிர் டாக்டர் ஒரு ஜெல் எழுதிக் கொடுத்தார், தீர்ந்தது. தம்பி, நான் ஜனவரி 8-ல் "வாய் திறப்பதுதான் கஷ்டம்" என்று ஒரு வரியில் கடந்துபோனேன். அந்த வரியை நான் முதலிலேயே, பெரிதாக எழுதியிருக்க வேண்டும்.

2 மார்ச், காலை 6.40

தம்பியிடமிருந்து செய்தி. சர்க்கரை, பி.பி., டெஸ்டோஸ்டிரோன் எல்லாம் சரியாக இருக்கிறதாம். ஆனால் டாக்டர் கேட்ட ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை: "வேறு மாத்திரை ஏதாவது?" கல்யாணத்துக்கு முன்னால் முடி கொட்டுகிறது என்று ஃபினாஸ்டரைடு 1 மி.கி. ஆரம்பித்து, டாக்டரைப் பார்க்கும்வரை தினமும் சாப்பிட்டு வந்திருக்கிறார். அதைச் சாப்பிடும் ஆண்களில் கொஞ்சம் பேருக்கு ஆசையும் விறைப்பும் குறையும். தோல் டாக்டரிடம் பேசி நிறுத்திவிட்டார்களாம். பி.பி. மாத்திரையைப் பற்றி அத்தனை எழுதிய நான், 31 வயதுப் பையன் என்ன மாத்திரை சாப்பிடப்போகிறான் என்று கேட்காமலே விட்டுவிட்டேன், எல்லாம் மனசுதான் என்று முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். தவறு என்னுடையது.

மாத்திரை மட்டும்தான் காரணமா, பயமும் சேர்ந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்கிறாராம் டாக்டர். இரண்டு பேரும் சேர்ந்தே அவரைப் பார்த்திருக்கிறார்கள். மாமியார் வீட்டுக் கேள்விக்கு இனிமேல் தானே பதில் சொல்லிக்கொள்வதாக அந்தப் பெண் சொல்லிவிட்டாளாம்.

2 மார்ச், இரவு 9.55

தம்பி, இப்போதுதான் பார்த்தேன், மீதி 30,000 எப்போது வரும் என்று லாட்ஜ்காரர் தினமும் போன் செய்வதாகவும், வீட்டில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் சொல்ல வேண்டியதை நீங்களே சொல்லியாகிவிட்டது, அவர் கையில் மிரட்ட ஒன்றும் இல்லை. எண்ணை பிளாக் செய்யுங்கள். வந்த மெசேஜை மட்டும் அழிக்காதீர்கள், மறுபடி தொந்தரவு செய்தால் போலீஸ் ஸ்டேஷனில் காட்ட வேண்டும். கரூர் பக்கம் என்றால் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.